வலது கையால் எவ்வளவு தூக்கலாம்?

கணக்கு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 46. வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கணவர், தரம் 10 படிக்கும் மகன், மாமி, நான். போன வருடம் மார்புப் புற்றுநோயால் வலது மார்பை முழுதாக எடுத்தார்கள், அக்குளில் இருந்து 11 நிணநீர்க் கணுக்களையும். அப்புறம் எட்டு கீமோ (முதல் நாலும் அந்தச் சிவப்பு மருந்து), 15 நாள் கதிர்வீச்சு. இப்போது தினமும் ஒரு டமொக்சிபன் மாத்திரை மட்டும்தான். முடி திரும்ப வந்துவிட்டது, முன்பு இல்லாத சுருளோடு.

நோயைப் பற்றிக் கேட்க வரவில்லை. கையைப் பற்றிக் கேட்க வந்தேன்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று வார்டில் ஒருவர் சொன்னார், "அந்தக் கையால் ஒரு கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள்." எவ்வளவு காலத்துக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ என்று எடுத்துக்கொண்டேன். மாமி அதை அரைக் கிலோ ஆக்கினார். இப்போது வீட்டில் எனக்குத் தேங்காய் துருவ அனுமதி இல்லை, குக்கர் இறக்க அனுமதி இல்லை, சந்தைக்குப் போனால் மகன் பையை வாங்கிக்கொள்கிறான். எல்லாம் அன்பினால்தான், தெரியும். ஆனால் என் வீட்டிலேயே நான் விருந்தாளி போல இருக்கிறேன். விருந்தாளிக்காவது புறப்படும் நாள் ஒன்று இருக்கும்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திரும்ப வேண்டும். 38 கொப்பிகளை ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தேன், ஆறு கிலோவும் கொஞ்சமும். பலகையின் மேல் வரியில் எழுதக் கை போகவில்லை. உயர்த்தினால் அக்குளில் இருந்து முழங்கை வரை உள்ளே யாரோ நூல் கட்டி இழுப்பது போல இருக்கிறது. கணு எடுத்தால் கை வீங்கலாம் என்கிறார்கள், எனக்கு வீக்கம் இதுவரை இல்லை.

பக்கத்தில் ஒரு ஜிம்முக்குப் போனேன். படிவத்தில் "நோய் ஏதும் உண்டா" என்ற இடத்தில் உள்ளதை எழுதினேன். பொடியன் அதை வாசித்தான், என்னை நிமிர்ந்து பார்த்தான், மறுபடி வாசித்தான். "அன்ரி, நீங்கள் வீட்டில் ரெஸ்ட் எடுங்கோ." டாக்டரின் கடிதம் கேட்டிருந்தால் கொண்டு வந்து கொடுத்திருப்பேன். அதைக்கூட அவன் கேட்கவில்லை.

உண்மையிலேயே பாரம் தூக்கக் கூடாதா? தூக்கலாம் என்றால் எங்கே தொடங்குவது? கொழும்பில் இப்படியானவர்கள் சேர்ந்து ஏதாவது செய்கிறார்களா?

---

மூலிகை நேசன் எழுதியது:

சகோதரி, கட்டு அனோதா (முள் சீத்தா) இலை ஏழு எடுத்து மூன்று கப் தண்ணீரில் அவித்து ஒரு கப்பாக வற்ற வைத்துக் குடித்து வாருங்கள். கை தானாகச் சரியாகும்.

---

தெஹிவளை நெல்லி எழுதியது:

மேலே இலை அவிக்கச் சொன்னவருக்கு: கேள்வி கையைப் பற்றியது. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் டாக்டரிடம் கேட்காமல் எந்த இலையையும் அவிக்க வேண்டாம். அவ்வளவுதான், இனி இந்தப் பக்கம் போக மாட்டேன்.

டீச்சர், எனக்கு 57. இடது பக்கம், 2021 ஒக்டோபர், 14 கணுக்கள். லெட்ரோசோல் மாத்திரை போடுகிறேன். அதனால் காலையில் எழும்பினால் விரல்கள் பழைய கதவுப் பூட்டுப் போல இறுகி நிற்கும். உங்கள் "விருந்தாளி" என்ற சொல்லை வாசித்துவிட்டு ரீயை ஆற விட்டுவிட்டேன். என் வீட்டில் என்னைக் கண்ணாடிச் சாமான் போல வைத்திருந்தது என் மனுசன். பாவம் அந்த மனுசன், வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியாது.

நான் உடற்பயிற்சி தொடங்கிய கதையில் வீரம் ஒன்றும் இல்லை. 2022 ஜூனில் பெட்ரோல் இல்லை. வரிசையில் ஓட்டோக்காரர்கள் இரவிரவாக வண்டிக்குள்ளேயே படுத்தார்கள். பஸ் வந்தாலும் மிதிபலகை வரை ஆட்கள், அந்தக் கையோடு கம்பியைப் பிடித்துத் தொங்க முடியுமா? மாத்திரை வாங்க வெள்ளவத்தைக்கு நடந்தேன். தெஹிவளைக் கால்வாய்ப் பாலத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். தண்ணீரைப் பார்ப்பது போல பாவனை, யாரும் வந்து என்ன ஏது என்று விசாரிக்கக் கூடாதே. பத்து நாள் கழித்து அதே பாலத்தைத் தாண்டிப் போய்விட்டுத்தான், அட, நிற்கவில்லையே என்று நினைவு வந்தது. நாடு முழுக்க அந்த மாதங்களைத் திட்டியது. நானும் திட்டினேன், மாத்திரையின் விலை ஏறிய ஏற்றத்துக்கு. ஆனால் கால் திரும்ப வந்தது அப்போதுதான்.

கை வர இன்னும் ஒரு வருடம் எடுத்தது. காரணம் பயம். அந்தப் பயத்தைக் கலைத்தது டொரொண்டோவில் இருக்கும் மகள். அதுவரை தினமும் போனில் "அம்மா, தூக்காதீங்கோ" என்றவள், ஒருநாள் ஒரு வீடியோ அனுப்பினாள். நீண்ட படகு ஒன்றில் இளஞ்சிவப்புச் சட்டை போட்ட பெண்கள், முக்கால்வாசிப் பேர் என் வயது, துடுப்பை ஓங்கிக் குத்திக் குத்தி வலிக்கிறார்கள். எல்லோரும் நம்மைப் போல மார்பில் கத்தி பட்டவர்கள். இது தொடங்கியது 1996 இல், கனடாவின் வன்கூவரில். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து விளையாட்டு மருத்துவர் டொன் மெக்கென்சி என்பவர் 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் ஏற்றினார். அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியது நம் வார்டில் சொன்னதைத்தான்: கையைக் கடுமையாக ஆட்டினால் வீங்கும். அந்த 24 பேரில் புதிதாக ஒருவருக்கும் வீங்கவில்லை, முன்பே வீக்கம் இருந்தவர்களுக்கு அது கூடவும் இல்லை. 24 பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்று நீங்கள் சொல்லுவீர்கள், கணக்கு டீச்சர் அல்லவா. எனக்கு அந்த வீடியோ போதுமாக இருந்தது.

நான் தொடங்கியது அரை லீட்டர்த் தண்ணீர்ப் போத்தலில். இரண்டு கையிலும் ஒவ்வொன்று, பத்துத் தரம் மடக்கி நீட்டுவது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு மூன்று வாரம் கை ஒன்றும் சொல்லவில்லை என்றால் அடுத்தது. போத்தலுக்குப் பிறகு ஒரு கிலோ மைசூர்ப் பருப்புப் பக்கெட். அதைத் தாண்டிய அன்று பருப்புக்கறி வைத்துச் சாப்பிட்டோம். இப்போது ஐந்து கிலோ அரிசிப் பையை இடது கையால் படியேற்றுவேன். காஸ் சிலிண்டரை இன்னும் தொடுவதில்லை. 12.5 கிலோ என்பது காஸின் எடை, இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சரித்து உருட்டுவேன், தூக்க மாட்டேன். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நீங்கள் முழுதாக எடுத்தவர் என்பதால் எழுதுகிறேன், ஆண்கள் வாசித்தால் வாசியுங்கள். பிராவுக்குள் வைக்கும் சிலிக்கோன் மார்பு கலியாண வீட்டுக்குச் சரி. கொழும்பு வேர்வைக்கு அது சரிவராது. வேகமாக நடந்தால் அரை மணித்தியாலத்தில் வழுக்கும். பஞ்சில் தைத்தால் பாரம் இல்லாமல் மேலே ஏறி, தோள் வரை வந்து நிற்கும். யோசித்தேன். பஞ்சுக்குள் ஒரு பிடி பயறு வைத்துத் தைத்தேன். அற்புதமாக இருந்தது, அளவான பாரம், அளவான அசைவு. மூன்றாம் நாள் நடையில் மழை பிடித்துக்கொண்டது. வந்து கழற்றி வேலைக்களைப்பில் அப்படியே கூடைக்குள் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தையலுக்கு வெளியே முளை எட்டிப் பார்க்கிறது. நானும் மனுசனும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு, சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் பெரிய சிரிப்பு. இப்போது பயறுக்குப் பதில் பாசிமணி. பழைய உள்பாவாடைத் துணியில் தைத்து, பிராவுக்கு உள்ளே ஒரு பொக்கெட் வைத்து அதற்குள் போட்டால் அசையாது. தையல்காரியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் கையாலேயே தைக்கலாம்.

ஆட்கள் பற்றிக் கேட்டீர்கள். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் நம்பருக்குக் காத்திருந்தபோது பக்கத்து வாங்கில் ஒரு சிங்கள அம்மா. பேச்சே இல்லை, தன் கையை உயர்த்திக் காட்டி "மெச்சரய்" என்றார், இவ்வளவுதான் போகும் என்று. நானும் உயர்த்திக் காட்டினேன். என்னுடையது அவருடையதை விட நாலு விரல் கூடப் போனது, அவருக்குப் பொறுக்கவில்லை. அங்கே தொடங்கியது. இப்போது ஏழு பேர். மூன்று தமிழ், மூன்று சிங்களம், மருதானையில் இருந்து ஒரு முஸ்லிம் தங்கச்சி, அவள்தான் எல்லோருக்கும் மொழிபெயர்ப்பாளர். வட்ஸ்அப் குழுவின் பெயர் "அத்த - கை", சிங்களத்தில் அத்த என்றாலும் கைதான். கிழமை நாட்களில் அவரவர் தெருவில் நடப்போம். ஞாயிறு விடிய சுதந்திர சதுக்கத்தில் சந்திப்போம். இரண்டு சுற்று நடை, அப்புறம் ஒரு மரத்தடியில் போத்தல்களோடு கைப்பயிற்சி. சிங்களம் எனக்கு மீன்கடை அளவுக்குத்தான் வரும், ஆனால் எக்காய் தெக்காய் துனாய் என்று பதினைந்து வரை எண்ண நல்லாய் வரும்.

நடக்கும்போது ரிப்போட் கதைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். ரிப்போட் எல்லாம் ரீ குடிக்கும்போதுதான். எங்களில் ஒருவருக்குப் போன வருடம் நோய் எலும்புக்குப் போய்விட்டது, ஓகஸ்டில் இறந்து போனார். அவருடைய மகள் ஞாயிறுகளில் வருகிறாள். ஏன் வருகிறாய் என்று நாங்கள் கேட்கவில்லை. ஏழு என்று சொன்னேனே, அவளையும் சேர்த்துத்தான்.

---

மட்டுநகர் பிசியோ எழுதியது:

டீச்சர் அக்கா, நெல்லி அக்கா சொன்ன வழி சரியானது. அதற்குப் பின்னால் 24 பேரை விடக் கூடிய சான்றும் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் எண்ணோடு சொல்கிறேன். 2009 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்கள். ஒரு பகுதியினர் வாரத்தில் இரண்டு நாள் பாரம் தூக்கினார்கள், மற்றவர்கள் தூக்கவில்லை. ஒரு வருட முடிவில் வீக்கம் மோசமானது தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கு, தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு. அடுத்த வருடம் அதே குழு, வீக்கம் இல்லாத 154 பேரிடம் செய்தது. அதில் உங்களைப் போல ஐந்தோ அதற்கு மேலோ கணுக்கள் எடுத்தவர்களில், தூக்காதோரில் 22 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்தது, தூக்கியோரில் 7 சதவீதம் பேருக்கு. ஆனால் ஒன்று: அவர்கள் ஆரம்ப மாதங்களில் பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, மிகக் குறைந்த பாரத்தில் தொடங்கி, கை முறைப்பாடு சொல்லாதபோதுதான் படிப்படியாகக் கூட்டினார்கள். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஆறு கிலோ கொப்பி தூக்குவது வேறு கதை.

ஒரு கிலோ என்று சொன்னவரில் குற்றம் பிடிக்க மாட்டேன். காயம் ஆறும் முதல் வாரங்களுக்கு அது நல்ல அறிவுரை. முடிவு திகதி போடாமல் விட்டதுதான் பிரச்சினை.

அந்த நூல் இழுப்பது: அக்குள் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கு வரும். தோலுக்குக் கீழே கயிறு போல இறுகும், கையை விரித்தால் சில பேருக்குக் கண்ணுக்கே தெரியும். நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. மெல்ல மெல்ல நீட்டி இழுக்கும் பயிற்சியால் பெரும்பாலும் இளகும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சிலந்தி போல மேலே ஏறுங்கள். இழுவை தெரியும் இடத்தில் நின்று ஐந்து மூச்சு, பிறகு இறங்குங்கள். ஏறிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒருமுறை பிசியோ ஒருவரிடம் நேரில் காட்டினால் நல்லது, கிளினிக்கில் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால்தான் தருவார்கள்.

சிவப்பு மருந்து எடுத்திருக்கிறீர்கள். அது சிலருடைய இதயத்தைப் பாதிக்கும். ஆகவே வேகநடை, ஓட்டம் என்று போகமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை. மெதுநடைக்கு இன்றே செருப்பைப் போடலாம். 2019 இல் வந்த சர்வதேச வழிகாட்டலும் சொல்வது பெரிதாக ஒன்றும் இல்லை: வாரத்தில் மூன்று நாள் அரை மணித்தியாலம் நடை, இரண்டு நாள் பாரம்.

தையல் நாடாவால் மாதம் ஒருமுறை இரண்டு கையையும் அளந்து எழுதி வையுங்கள். மணிக்கட்டு, முழங்கை, முழங்கைக்கு மேலே 10 செ.மீ. முன்பு இருந்ததை விட ஓரிடத்தில் 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் காட்டுங்கள். நாடாவை விடக் கெட்டிக்காரி வளையல். நேற்று வரை சும்மா கழன்ற வளையல் இன்று சவர்க்காரம் கேட்டால் கவனியுங்கள். கை சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

---

கொழும்பு 13 எழுதியது:

எல்லோரும் குழு குழு என்கிறீர்கள். நான் மறுபக்கம் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு ஒக்டோபரில் இளஞ்சிவப்பு ரீசேட் போட்டு ஒரு நடைபவனிக்குக் கூட்டிப் போனார்கள். ஒலிபெருக்கியில் "தப்பிப் பிழைத்தவர்கள் முன்னுக்கு வாருங்கள்" என்றார்கள், கமராவும் வந்தது. என் கடைக்காரருக்கும் மகளின் வகுப்பு டீச்சருக்கும் என் மார்பைப் பற்றித் தெரியவேண்டிய அவசியம் என்ன? அன்றைக்கே ரீசேட்டைத் தரை துடைக்கப் போட்டேன்.

நான் தனியாகத்தான் செய்கிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் கட்டடத்துப் படிகள், 64. தினமும் நாலு தடவை. பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "இன்றைக்கு மூன்றுதானே ஏறினாய்" என்று கணக்குப் பார்ப்பார். அவருக்கு என் வருத்தம் தெரியாது, கொழுப்பைக் குறைக்க ஏறுகிறேன் என்று நினைக்கிறார். எனக்கு அந்தப் பாட்டி போதும்.

---

தெஹிவளை நெல்லி எழுதியது:

கொழும்பு 13, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கணக்குப் பார்க்கப் பாட்டி ஒருவர் இருக்கிறாரே. அதைத்தான் நான் குழு என்கிறேன். எங்களிடம் ரீசேட் கிடையாது, எனக்கு இளஞ்சிவப்பு எடுபடவும் எடுபடாது.

---

கணக்கு டீச்சர் எழுதியது (ஐந்து வாரத்துக்குப் பிறகு):

பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கள். கிளினிக்கில் துண்டு கேட்டேன், தந்தார்கள். பிசியோவிடம் இரண்டு தடவை போனேன். டாக்டர் இதயத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு நடக்கச் சொன்னார். மாலையில் மரைன் டிரைவில் நடக்கிறேன், பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்புவது. முதல் வாரம் மாமியும் கூட வந்தார், என்னைப் பிடித்துக்கொள்ள. இரண்டாம் வாரம் அவருக்கு முழங்கால் வலி, நான் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சுவர்க் கணக்கு: முதல் நாள் வலது விரல்நுனி 142 செ.மீ., இன்று 161. இடது கை 188. சமையலறைச் சுவரில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மகன் அதை வரைபடமாகப் போட்டு, இந்தச் சாய்வில் போனால் ஜனவரிக்குள் பலகையின் மேல் வரி எட்டும் என்கிறான். சாய்வு அப்படியே நேர்கோட்டில் போகாது மகனே என்று சொன்னேன். ஆனாலும் கோட்டை அழிக்கவில்லை.

வளையல் சும்மா கழல்கிறது.

நேற்று மின்சாரம் நின்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. மகன் ரியூஷனில். கையில் இரண்டு கிலோ அரிசி, ஒரு தேங்காய். கீழே நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, அரிசியை வலது கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் கை மாற்றினேன், உண்மையைச் சொல்ல வேண்டும். மாமி கதவடியில் நின்று பையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் திருவலையை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, "பாதிதான்" என்றார். பாதித் தேங்காய் துருவினேன்.

நெல்லி அக்கா, ஞாயிறு எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தில் நிற்பீர்கள்?

---

தெஹிவளை நெல்லி எழுதியது:

5.45, சிங்கச் சிலைகளுக்கு முன்னால். ஆறுக்கு நடக்கத் தொடங்கிவிடுவோம், பிந்தினால் சுற்றில் வந்து பிடியுங்கள். இரண்டு போத்தல் கொண்டு வாருங்கள், தண்ணீரை அங்கே நிரப்பலாம். மற்ற இலக்கம் எல்லாம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.